வளவுக்கு வந்துதான் போகணும்

முதல் நாள்

அழகம்மை ஆச்சி முதல் நாள் மவுஸைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போய் மேசை விளிம்பிலிருந்து கீழே போட்டுவிட்டார். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண்கள் சிரித்தார்கள். ஆச்சியும் சேர்ந்து சிரித்தார்.

காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அப்போது நான் மாஸ்டர். ஆச்சி என்னைவிட மூத்தவர். மானகிரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். கணவர் தவறிவிட்டார், பிள்ளை இல்லை. பக்கத்து ஊரில் ஒரு குடும்பத்துப் பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து தங்கள் பெரிய செட்டிநாட்டு வீட்டை ஓட்டலுக்கு விட்டிருந்தார்கள். அங்கே ரூம் புக்கிங் பார்க்கும் வேலை ஆச்சிக்கு. அதெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறப்போகிறது, பழகிக்கொண்டால் வேலையில் நீடிக்கலாம் என்று மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஒரு வாரம் அம்புக்குறியைத் தேடித் தேடி ஓய்ந்தபிறகு, மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து ஆச்சி சொன்னார்.

“தம்பி, கண்ணு ஓரத்துலருந்து இருட்டிக்கிட்டே வருது. மதுரையில காட்டியாச்சு, இனிமே திரும்பாதுன்னுட்டாக. ஓட்டல்ல சொல்லிராதீக. எனக்கு இருக்கிறது இந்த வேலை ஒண்ணுதான்.”

கருப்புத் திரை

கருப்புத் திரையில் கட்டளையை எழுத்தாக அடித்து வேலை வாங்குவதுதான் கமாண்ட் லைன். எங்கள் சென்டர் முதலாளிக்கு அது என்றாலே ஆகாது. “புதுசா வர்றவுகளுக்குக் கருப்புத் திரையைக் காட்டிப் பயமுறுத்துறீக சார். மறுநாள் எவன் வருவான்?” என்பார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு எழுத்து மாறினாலும் அது முகத்தில் அடித்தாற்போல் பதில் சொல்லும். அங்கே அழித்தால் அழித்ததுதான், ரீசைக்கிள் பின்னில் போய்த் தேட முடியாது. நானும் அவர் பேச்சைக் கேட்டு ஐகான், மவுஸ் என்றுதான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஆச்சி கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவர். கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பார். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைப் போட்டு, ஹெட்போனை மாட்டிவிட்டேன். ஐகான்களுக்கு நடுவில் அந்தக் குரல் அப்போது தட்டுத் தடுமாறும். கருப்புத் திரையில் எல்லாமே எழுத்து என்பதால் ஒழுங்காக வாசித்தது. “மூக்கால பேசுறான், ஆனா பொய் பேச மாட்டேங்கிறான்” என்றார் ஆச்சி.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்பதை விளக்க நான் யோசித்துக்கொண்டிருக்க, அவரே வீட்டை வைத்துப் புரிந்துகொண்டார். முகப்பு, பட்டாலை என்ற கூடம், வளவு என்ற நடுமுற்றம், அதைச் சுற்றி ஆளுக்கொரு அறையாக உள்வீடு. ஒவ்வொரு பங்காளி உள்வீட்டுக்கும் தனிப் பூட்டு. ஓட்டல் அறைகளுக்கு இங்கிலீஷில் என்னென்னவோ பெயர் வைத்திருந்தார்கள். ஆச்சி ஃபோல்டர்களுக்கு வைத்தது உள்வீட்டுக்காரர்களின் பெயரை.

ஒரு அறையின் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே வரியில் தாவலாம் என்று காட்டினேன். ஏற்கவில்லை.

“ஒருத்தர் உள்வீட்டுலருந்து நேரா இன்னொருத்தர் உள்வீட்டுக்குப் போக முடியுமா தம்பி? வளவுக்கு வந்துதான் போகணும்.”

ஒவ்வொரு முறையும் cd, இரண்டு புள்ளி அடித்து வெளியே வந்து, அப்புறம்தான் அடுத்ததற்குள் போவார். சுற்றுவழிதான். ஆனால் ஒருநாளும் வழி தப்பவில்லை. சந்தேகம் வந்தால் pwd அடிப்பார். எங்கே நிற்கிறோம் என்று அது சொல்லிவிடும். ஆச்சிக்கு ரொம்பப் பிடித்த கமாண்ட் அது. வெளியில் நடக்கும்போது இப்படிக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை என்பார்.

ஓட்டல் கம்ப்யூட்டரிலும் அந்தக் குரலைப் போட்டுக் கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டே பல வருஷம் வேலை பார்த்தார். பார்வை முழுக்கப் போனதே ஓட்டலில் வெகுநாள் யாருக்கும் தெரியவில்லை.

டச் ஸ்கிரீன்

பிறகு ஓட்டலுக்குப் புது சாஃப்ட்வேர் வந்தது. கண்ணாடிப் பலகையில் படத்தைத் தொட்டால் அறை பதிவாகிவிடும். கீபோர்டே கிடையாது. மூக்கால் பேசுகிறவனுக்கு அதில் வாசிக்க ஒன்றும் இல்லை. இனி மறைக்க முடியாது என்று ஆச்சியே சொல்ல, நான் போய் மேனேஜரிடம் பேசினேன். மாவட்டத்துக்கே ஒரே கம்பெனி போட்டுக் கொடுத்தது, நம் கையில் ஒன்றும் இல்லை என்றார். நல்ல மனிதர்தான். ஆச்சியை வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார், அதைக் காப்பாற்றவும் செய்தார்.

போன மாசம் அங்கே போயிருந்தேன். முகப்பில் கண்டாங்கிச் சேலை கட்டி, பூ வைத்து, ஆச்சியை நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். மடியில் வெள்ளிக் கிண்ணத்தில் சந்தனம். வருகிற விருந்தாளிகளுக்குக் கொடுக்க வேண்டும், அதுதான் இப்போது வேலை. சம்பளம் குறையவில்லையாம்.

குரலை வைத்தே கண்டுகொண்டார். “வாங்க தம்பி, சாப்டீகளா?” என்றார். பேசிக்கொண்டிருக்கும்போது அவர் விரல்கள் கிண்ணத்தின் விளிம்பில் எதையோ அடித்துக்கொண்டே இருந்தன. இங்கே சௌகரியமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

“குறை ஒண்ணுமில்ல. வர்றவுகல்லாம் என்னையப் படம் எடுக்குறாக. எங்குட்டுப் பாத்துச் சிரிக்கணும்னு மட்டும் யாராச்சும் சொன்னாத் தேவல.”

புதியவர்களுக்குக் கமாண்ட் லைன் சொல்லித்தரலாமா என்று இப்போதைய மாஸ்டர்கள் என்னிடம் கேட்கிறார்கள். சொல்லித்தாருங்கள். பயப்படுகிறவர்களை விட்டுப்பிடியுங்கள், ஆனால் அப்படி ஒரு வாசல் இருப்பதை மறைக்காதீர்கள். ஆச்சிக்கு உள்ளே போக இருந்த ஒரே வாசல் அது. அதை யாரும் வேண்டுமென்றே அடைக்கவில்லை. அதன் வழியாக ஒருத்தர் வந்து போய்க்கொண்டிருந்ததே அந்தக் கண்ணாடிப் பலகையைச் செய்தவர்களுக்குத் தெரியாது.