பேருந்து நிற்காத அழகிய ஊர்

பிரான்சின் எங்கள் பகுதியில், பழைய ஊர்களைக் காரில் வட்டமடித்துப் பார்க்க ஒரு சுற்றுலாச் சாலையை வகுத்தார்கள். எங்கள் ஊரும் அதில் சேர்ந்தது. படமெடுக்க முடியாமல் தேவாலயத்தை மறைக்கிறது என்று சதுக்கத்திலிருந்த பேருந்து நிறுத்தத்தை ஊராட்சி பிடுங்கியது. பேருந்தும் நின்றுபோனது. கார் இல்லாதவர்களை யாரும் கேட்கவில்லை.

அவர்களில் ஒருவர் சொலீன் தெல்பெக். வாத்துப் பண்ணையில் இறகு பிடுங்கும் வேலை. கணவர் ரெமி நகரத்து மருத்துவமனையில் சாகக் கிடந்தார். ஒரு காலையில், உடனே வரச்சொல்லி அங்கிருந்து அழைப்பு வந்தது. அக்கம்பக்கத்தார் சந்தைக்குப் போயிருந்தார்கள். சொலீன் சாலையில் நின்று கைகாட்டினார். கார்கள் வரிசையாகக் கடந்து போயின. ஒன்று மட்டும் நின்றது.

“மதாம், அந்தப் பழைய கதவுகிட்ட நில்லுங்களேன், ஒரு படம் எடுத்துக்கறேன்.”

“நிக்கிறேன். என்னைய டவுன்ல விட்டுருவீங்களா? வீட்டுக்காரருக்கு ரொம்ப முடியல.”

“அடடா. டவுன் இந்த வட்டத்துலயே இல்லியே. நாங்க அடுத்து கோட்டைக்குல்ல போறோம்.”

படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மாலையில் ஒரு பால் வண்டியில் சொலீன் போய்ச் சேர்ந்தபோது ரெமியின் கட்டில் காலியாக இருந்தது.

இறைவன் சித்தம் என்றார் பாதிரியார். ஊராட்சிக் கூட்டத்தில் நிறுத்தத்தை எடுக்கக் கைதூக்கியவர்களில் இறைவன் இல்லை, நாங்கள்தான் இருந்தோம்.

கல்லறையில் மேயர் சொலீனின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் காரையே அனுப்பியிருப்பேனே, சொலீன்.”

“பஸ்ஸுக்கு யார்கிட்டயும் போய்ச் சொல்ல வேண்டியதில்ல, மேயர் ஐயா,” என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டார் சொலீன்.