பாங்கொக்கில் எழுதாமல் விட்ட சனிக்கிழமை

ஆகஸ்ட் பிறந்தால் இத்தாலியின் பலெர்மோவில் வசதியுள்ளவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். நான் வேலை செய்த வீட்டு எசமானி, சிஞ்ஞோராவும் அப்படித்தான். அந்த நான்கு வாரமும் எனக்கு விடுமுறை. வழக்கமாக முதல் வாரத்தில் வெள்ளிச் சாமான்களை மினுக்கி வைப்பேன், மீதி மூன்று வாரமும் என் அறையில் இருப்பேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரே ஓர் ஆகஸ்டில் மட்டும் தாய்லாந்துக்குப் போய்வந்தேன்.

கூட வந்தவன் என் பள்ளிக்கூட நண்பன். எண்பதுகளில் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளிக்கிட்டவன். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவனைப் பாங்கொக்கில் ஐந்து மாதம் வைத்திருந்து பிறகு இத்தாலிக்கு ஏற்றிவிட்டான். மனைவியும் மகளும் சில வருடங்கள் கழித்து வந்து சேர்ந்தார்கள். பல்லரோச் சந்தைக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் அவர்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு அங்கேதான் சாப்பாடு.

சாப்பாடு முடிந்ததும் அவன் பாங்கொக் கதை சொல்லுவான். ஆற்றங்கரையில் மரத்தூண்களில் நிற்கும் வீடு. விடியற்காலையில் ஆற்றில் குளிப்பு. எதிரே பொன்கூரை வேய்ந்த கோயில், மணி அடித்ததும் பிக்கு ஒருவர் வாழைப்பழம் தருவார். தெருவில் யானை நடந்துபோகும். பின்னேரம் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு நூடில்ஸ் வண்டிக்காரன் வருவான். “ஒவ்வொரு நாளும் ரெண்டு கோப்பை. அவங்களை மாதிரியே ரெண்டு குச்சியாலை சாப்பிடுவன். சனம் நிண்டு பாக்கும்.” மகள் வாயைத் திறந்தபடி கேட்பாள். அவளுக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் தகப்பனைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது இந்தக் கதையைத்தான் எழுதினாள். ஆசிரியை அதை வகுப்பில் வாசித்துக் காட்டி, சுவரிலும் ஒட்டிவிட்டார்.

நான் எழுதுவது வேறு மாதிரி. கட்டம் போட்ட பள்ளிக்கொப்பியில் ஒரு நாளுக்கு ஒரு பக்கம். பக்கம் வெறுமையாக இருந்ததில்லை. காய்ச்சலில் கிடந்த நாளிலும் ‘காய்ச்சல்’ என்று எழுதி, கஞ்சி குடித்த நேரத்தையும் போட்டிருப்பேன். நண்பனின் மகள் இடையிடையே கொப்பியை வாங்கிப் பார்ப்பாள். தமிழ் எழுத்து அவளுக்கு மெதுவாகத்தான் வரும். ஆனாலும் விட்ட நாள் உண்டா என்று ஒவ்வொரு பக்கமாகத் தட்டித் தேடுவாள். கிடைத்ததில்லை.

அந்த வருடம் ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு அவள் சொன்னாள்: “அப்பா, நீங்களும் மாமாவும் தாய்லாந்துக்குப் போங்கோவன். எனக்கு எல்லாத்துக்கும் ஃபோட்டோ வேணும். மயெஸ்திரா ரீச்சருக்குக் காட்டோணும்.”

“அங்கை இப்ப சரியான வெக்கை, பிள்ளை.”

“இஞ்சை மட்டும் என்ன, பனியே கொட்டுது?” என்று குசினிக்குள் இருந்து மனைவி கேட்டாள்.

“ரிக்கற் நான் விசாரிக்கிறன்” என்றேன் நான். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தை ‘மகிழ்ச்சி’ என்று அன்றைய பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

ஊர் சுற்ற வரும் வெளிநாட்டுப் பிள்ளைகள் சுமக்கும் முதுகுப்பை இரண்டைப் பல்லரோவில் வாங்கினோம். இரண்டும் கரும்பச்சை. இடிச்ச சம்பல் ஒரு போத்தலும் மிளகாய்த்தூள் ஒரு கடதாசிச் சரையும் அவன் பைக்குள் போயின. அவன் மனைவி சொன்னாள்: “அண்ணை, இவருக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. கடையிலை ஒரு பானினோப் பாண் திண்டாலே மூண்டு நாள் படுக்கை. பாத்துக்கொள்ளுங்கோ.” அவன் கேட்காதவன்போலப் பையின் வாரை இழுத்துக் கட்டினான்.

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தின் முன்னால் விமான நிலையப் பஸ்ஸுக்காக நின்றபோது மரவாங்கில் இருந்த கிழவர் ஒருவர் எங்களைத் தெரு வியாபாரிகள் என்று நினைத்து, பைகளைக் காட்டி, என்ன விற்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்றும் விற்கவில்லை, சுற்றுலாப் போகிறோம் என்று நண்பன் இத்தாலியனில் சொன்னான். கிழவர் இருமல் வரும்வரை சிரித்தார். நண்பனும் சிரித்தான். அவன் சட்டைப்பையில் மகள் எழுதிக் கொடுத்த பட்டியல் இருந்தது. தகப்பன் கதைகளில் வந்தவை ஏழு. படம் எடுத்ததும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சரி போட வேண்டும்.

பாங்கொக்கில் முதல் நாள் அவனிடம் எதையும் கவனிக்கவில்லை. என் கண் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பச்சைப் பப்பாசியை உரலில் இட்டு இடித்துக் கொடுத்தார்கள். தேங்காய்ப்பால் பலகாரத்தில் ரம்பை இலை மணந்தது. கறிக்குள் சீனி போடுகிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. நண்பன் சம்பல் போத்தலைத் திறந்தான்.

இரண்டாம் நாள் மத்தியானம் நூடில்ஸ் கோப்பையும் இரண்டு குச்சிகளும் வந்தன. அவன் குச்சிகளைக் கையில் எடுத்தான், ஒன்று மேசைக்குக் கீழே விழுந்தது. மற்றதைக் கோப்பைக்குள் விட்டுக் கலக்கினான். கடைக்காரப் பெண் கேளாமலே கரண்டி கொண்டுவந்து வைத்தாள்.

“பழக்கம் விட்டுப் போச்சு, மச்சான்” என்றான்.

தண்ணீர் கேட்க அவனுக்கு அந்த ஊர்ச் சொல் வரவில்லை. ஆற்றுப் படகு எந்தப் பக்கம் போகிறதென்று தெரியவில்லை. கேட்டால், “பத்து வருசத்திலை எல்லாம் மாறிப்போச்சு” என்பான். நான் கொப்பியில் ‘மாறிவிட்டதாம்’ என்று எழுதினேன். வடக்கே ரயிலில் போய்ச் சியாங்மாயில் நான்கு நாள் நின்றோம். அங்கே தெருவைக் கடந்த யானை ஒன்றைப் படம் பிடித்ததும் பட்டியலை எடுத்து யானைக்குப் பக்கத்தில் அழுத்திச் சரி போட்டான். “பார், சொன்னனான்தானே.” அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தான். மலைக்கோயிலின் படிகளில் எனக்கு முன்னால் ஏறினான். நான் படிகளை எண்ணிக்கொண்டு பின்னால் போனேன்.

திரும்பும் வழியில் அயுத்தயாவில் இறங்கி, இடிந்த கோபுரங்களைப் பார்த்துவிட்டு ஆற்றங்கரையால் நடந்தோம். மரத்தூண் வீடு ஒன்று வந்தது. அவன் பையை இறக்கிவிட்டு அதன் முன்னால் போய் நின்றான்.

“எடு மச்சான். இதுதான் நாங்கள் இருந்த வீடெண்டு சொல்லுவம்.”

“நீ இருந்தது பாங்கொக்கிலையெல்லோ?”

“வீடு வீடுதானே. உவளுக்கென்ன தெரியப்போகுது?”

“அப்ப உண்மையான வீடு எங்கை?”

நான் கமராவை இறக்கினேன். அவன் வந்து பைக்கு அடியில் கைவிட்டுத் துழாவி, நான்காக மடித்த பழைய கடித உறை ஒன்றை எடுத்துத் தந்தான். ஊரிலிருந்து மனைவி போட்ட கடிதத்தின் உறை. ஆங்கிலத்தில் ஒரு பாங்கொக் விலாசம். பலெர்மோவில் இருந்தே அதைக் கொண்டுவந்திருக்கிறான். இரண்டு கிழமையாக என்னிடம் காட்டவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. அந்த உறையைக் காட்டிக் காட்டி விசாரித்து, பின்னேரம் மூன்று மணிக்கு அந்த ஒழுங்கையைக் கண்டுபிடித்தோம். நான்கு மாடிக் கட்டடம், கீழே தையல்கடை. பின்பக்கத்தில் மூன்றாம் மாடி ஜன்னலை அவன் காட்டினான். ஜன்னலுக்கு எதிரே ஒரு முழத் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர்.

“பதினொரு பேர்” என்றான். “கண்ணாடி முழுக்கப் பேப்பர் ஒட்டியிருந்தது. வெளியிலை தலை காட்டினா எல்லாரையும் பிடிப்பாங்களெண்டு அடைச்சு வைச்சவங்கள். ஒருத்தன் சோறு கொண்டுவந்து வாசல்லை வைச்சிட்டுப் போவான். வந்த அண்டு ராத்திரி ஏறினது. போற அண்டு ராத்திரி இறங்கினது.”

“ஆறு?”

“ஆத்திலை போட்டு ஓடுற சத்தம் கேக்கும்.”

“கோயில்?”

“மணி கேக்கும். அதோடை பக்கத்திலை படுத்த பெடியன் சொல்லுவான், இப்ப வாழைப்பழம் குடுப்பாங்களெண்டு. அவனும் பாக்கேல்லை.” பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “நான் பொய் சொல்லேல்லை, மச்சான். கேட்டதுதான் எல்லாம். பாக்கேல்லை எண்டதை மட்டும் சொல்லேல்லை. தேப்பனை ஒரு அறைக்குள்ளை பூட்டி வைச்சிருந்தாங்களெண்டு அந்தப் பிள்ளை பள்ளிக்குடத்திலை எழுதவே?”

அவனுக்கு நகர மனமில்லை, தையல்கடை வாசலிலேயே நின்றோம். ஆறு மணியளவில் ஒழுங்கை முனையில் சத்தம் கேட்டது. டொக். டொக் டொக். மூங்கில் துண்டு இரண்டைத் தட்டியபடி ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நண்பன் முதலில் வண்டியைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தான். பிறகு போய் ஒரு கோப்பை வாங்கினான். நான் ஒரு படம் எடுத்தேன்.

“எப்பிடி?” என்று கேட்டேன்.

“இனிப்புக் கூட.” முழுவதையும் குடித்துவிட்டு வெறுங்கோப்பையை வண்டிக்காரரிடம் நீட்டினான். “இன்னொண்டு.”

இரண்டு கோப்பை என்று அவன் சொல்லிவந்தது அன்று ஒரு நாளுக்கு உண்மையானது.

அறைக்குத் திரும்பி நான் கொப்பியைத் திறந்தபோது, “இதை எழுதாதை, மச்சான்” என்றான். வேறொன்றும் கேட்கவில்லை. நான் திகதியை எழுதி மூடினேன். மறுநாள் முழுக்க அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தான். அதற்குரிய பக்கத்தில் அது இருக்கிறது.

பலெர்மோவுக்கு வந்து படங்களைக் கழுவி, முதல் ஞாயிறு அவன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். மேசையில் மகள் படங்களை வரிசையாக அடுக்கினாள். யானைக்குச் சரி இருந்தது. பொன்கூரைக் கோயில் ஒன்றுக்குத் தானே சரி போட்டாள். பிறகு நூடில்ஸ் படத்தை எடுத்தாள். தகப்பன் கையில் கோப்பை, பின்னால் ஊத்தைச் சுவர்.

“அப்பா, ஆறு எங்கை?”

“அங்காலை இருக்கு, பிள்ளை. படத்திலை விழேல்லை.”

“வீடு?”

அவன் என்னைப் பார்த்தான். நான் படங்களை நேராக்கினேன்.

“மாமா எழுதியிருப்பார்” என்று அவள் என் பைக்குள் இருந்த கொப்பியை எடுத்தாள். வெள்ளி, சனி என்று பக்கங்களைத் தட்டினாள். சனிக்கிழமையில் நின்றது விரல். திகதிக்குக் கீழே கட்டங்கள் மட்டும் இருந்தன. நண்பனுக்காக நான் காத்த வாக்கு இப்படிக் காட்டிக்கொடுக்கும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

“மாமா, உங்களுக்குக் காய்ச்சலோ?”

“இல்லை.”

“அப்ப ஏன் எழுதேல்லை?” அவள் தகப்பனைப் பார்த்தாள். “பெர்கே, பாப்பா? ஏன்?”

அவன் மேசையைத் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. “பிள்ளை, அந்த நூடில்ஸை அப்பா இந்த முறைதான் முதல்முதல் சாப்பிட்டனான்” என்றான். பிறகு அறையைப் பற்றி, ஒழுங்கையில் சொன்ன அதே சொற்களில் சொன்னான்.

மனைவி சிரித்துவிட்டாள். “எனக்கு அப்பவே தெரியும். ஐஞ்சு மாசம் றோட்டுக்கடையிலை ரெண்டு கோப்பை சாப்பிட்டவராம், இந்த வயித்தோடை!” சிரித்தவள் பாதியில் நிறுத்தினாள். “பதினொரு பேரெண்டு எனக்கு நீங்கள் எழுதேல்லை” என்றாள்.

மகள் சிரிக்கவில்லை. முகம் சிவந்திருந்தது. பட்டியலை எடுத்து மடித்தாள், விரித்தாள். கட்டுரை இன்னும் வகுப்புச் சுவரில் இருக்கிறது என்றாள். கீழே சந்தையில் மீன்காரன் கூவினான்.

“அந்தச் சத்தம் எப்பிடி இருக்கும்?” என்று கடைசியில் கேட்டாள்.

“எது?”

“மரக்கட்டை.”

அவன் இரண்டு கரண்டிகளை எடுத்துத் தட்டிக் காட்டினான். டொக். டொக் டொக். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். படகுச் சத்தம் எப்படி என்று கேட்டாள், அதையும் வாயால் செய்து காட்டினான். ஜன்னலில் ஒட்டியிருந்த பேப்பர் எந்த மொழி, யார் யாருக்குப் பக்கத்தில் படுத்தார்கள், பெயர் என்ன, அவர்கள் இப்போது எங்கே என்று கேட்டுக்கொண்டே போனாள். சிலவற்றுக்குத்தான் அவனுக்குப் பதில் தெரிந்தது.

“எழுது, மச்சான்” என்றான் அவன்.

நான் அந்த மேசையிலேயே சனிக்கிழமைப் பக்கத்தை எழுதத் தொடங்கினேன். அவன் சொல்லச் சொல்ல எழுதினேன்; அவள் இடையில் மறித்து, நான் மணிச் சத்தத்தை விட்டுவிட்டதாகத் திருத்தினாள். ஜன்னலைப் பற்றி எழுதும்வரைதான் பக்கம் போதுமாக இருந்தது. அடுத்த பக்கம் ஞாயிற்றுக்கிழமை, அதில் அவன் வயிற்றுவலி ஏற்கெனவே இருந்தது. அவள் தன் பட்டியலைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். மிச்சத்தை அதன் பின்புறத்தில் எழுதி, கொப்பிக்குள் ஒட்டினோம். முன்புறத்தில் இரண்டு சரிகள் மட்டும் இருக்கின்றன.