ஆள் வேலையில் இருக்கிறார்

எங்கள் லைன்மேன் கூட்டத்தில் அவருக்கு டெஸ்டர் அண்ணன் என்று பெயர். எதையும் இரண்டு முறை சோதிக்காமல் தொடமாட்டார். டீ கிளாஸைக்கூடப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். கிண்டல் செய்தால், "உயிரோட இருக்கேனில்ல?" என்பார்.

பராமரிப்புக்காக அவர் குடியிருக்கும் தெருவிலேயே ஒரு நாள் முழுக்க மின்சாரத்தை நிறுத்த வேண்டி வந்தது. நிறுத்தப்போவதும் அவர்தான். வீட்டில் அண்ணி ஆக்சிஜன் மிஷினில் மூச்சு விடுகிறவர். மிஷின் நின்றால் கால் மணி நேரம் தாங்குவார், அதற்கு மேல் முடியாது. முதல் நாள் சாயங்காலம் நான் போனபோது மனுஷன் வீட்டையே தலைகீழாக்கியிருந்தார். குடம், வாளி, சட்டி வரை தண்ணீர். ஃபேன், டிவி எல்லாவற்றையும் இன்வெர்ட்டரிலிருந்து கழற்றிவிட்டு, மிஷினுக்கென்று ஒரே ஒரு ப்ளக்கை மட்டும் விட்டுவைத்திருந்தார். கரண்ட் போனதும் அண்ணி கட்டிலிலிருந்தே கை நீட்டி மிஷின் வயரை அதில் செருகினால் போதும். செருகிக் காட்டச் சொன்னார். இரண்டு முறை.

கரண்ட் போனால் மாடி வீட்டு அக்கா போனைத் தூக்கிக்கொண்டு சார்ஜ் போட வந்துவிடுவார். அவருக்குப் பயந்து, காலையில் அண்ணி தூங்கும்போதே அந்த ப்ளக்கின் மேல் எங்கள் ஆபீஸ் போர்டு ஒன்றை மாட்டிவிட்டு வந்தார் அண்ணன். 'ஆள் வேலையில் இருக்கிறார். தொடாதே.' என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு முட்டாள்கள்.

சுவிட்சில் அந்த போர்டை மாட்டிவிட்டுத்தான் நாங்கள் கம்பம் ஏறுவோம். மாட்டியவர் இறங்கி வந்து அவர் கையாலேயே கழற்ற வேண்டும். வேறு யாரோ கழற்றப்போய்த்தான் அண்ணனின் கூட்டாளி ஒருவர் கம்பத்திலேயே போனார். கல்யாணமான புதிதில் அதை அண்ணியிடம் சொல்லி அழுதவரும் இவர்தான்.

ஒன்பது மணிக்கு நிறுத்தினோம். அண்ணன் ஏறினார். கீழே பையில் அவர் போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"தம்பி... அவரு இறங்கிட்டாரா?"

"இப்பதானே ஏறினாரு அண்ணி."

"சரி... இறங்கினதும் சொல்லுங்க." வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது.

எப்போதும் உள்ள கவலைதான் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டேன். ஆனாலும் அந்த மூச்சு மனதை உறுத்தியது. மேலே பார்த்துக் கத்தினேன். "அண்ணே, இறங்கிட்டீங்களான்னு அண்ணி கேட்டாங்க!"

"எதுக்காம்?" என்றவர் அப்படியே நின்றுவிட்டார். "ஐயோ, போர்டு!"

அவர் கம்பத்திலிருந்து அப்படி இறங்கி நான் பார்த்ததில்லை. முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. அதற்குள் நானே அண்ணிக்குப் போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"இறங்கிட்டேம்மா! தரையில நிக்கிறேன். போர்ட எடு, வயர சொருகு!"

போர்டு தரையில் விழும் சத்தம். ஒரு பீப். பிறகு மிஷினின் உறுமல். அதைக் கேட்டு அண்ணன் கம்பத்தடியிலேயே உட்கார்ந்து அழுதார். போனில் அண்ணியின் மூச்சு மெல்லச் சீராவது கேட்டது.

"ஏம்மா, அது நம்ம வீட்டு ப்ளக்குதானே?" என்றார் அண்ணன்.

"தெரியுங்க. ஆனா நீங்க மேல இருக்கும்போது கை போகல."