பெரட்டில் கேட்ட குரல்

தொண்ணூற்று நாலு மார்கழியில், ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அடைக்கலம், பதுளை நூலகத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவந்த ஆறு பாக மாயக்கதையை ஒரு ஞாயிறு மத்தியானம் படித்து முடித்தார். ஏழு மாதம் கூடவே இருந்த அரசி வேழமங்கை கடைசி அத்தியாயத்தில் இறந்துபோனாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் செத்துவிட்டாள் என்பதை மனம் ஒப்பவேயில்லை.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், முகம் தெரியாத பனிக்குள் நின்ற பெண்களைப் பெயர் கூப்பிட்டு, ஆளுக்கொரு தேயிலை நிரையாகக் கொழுந்து பறிக்கப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்னக்கிளி, பாப்பாத்தி என்று வந்தவர், வாய் தவறி "வேழமங்கை" என்றும் கூப்பிட்டுவிட்டார்.

"வந்திருக்கேங்க" என்றது ஒரு குரல்.

அவர் பனிக்குள் எட்டிப் பார்த்தார். "யாரு இப்ப பேசுனது?"

"யாருமே பேசலீங்களே ஐயா" என்றாள் அன்னக்கிளி. "நீங்கதான் புதுசா யாரையோ கூப்புடுறீங்க. வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

பெண்கள் சிரித்தார்கள். அடைக்கலம் ஓரத்து நிரையை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் விட்டார்.

சாயங்காலம் வீரய்யா கங்காணி வந்து கேட்டார்: "அந்த ஓரத்து நிரைய யாருக்குங்க குடுத்தீங்க? ஒரு கொழுந்து மிச்சமில்லாம சுத்தமா எடுத்திருக்கு."

அடுத்த நாள் பெரட்டில், பாப்பாத்திக்கு அடுத்த அந்த இடம் வந்ததும் அடைக்கலம் வாயைத் திறந்து மூடிக்கொண்டார். பதில் வந்துவிடுமோ என்று பயம். வராமலே போய்விடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம். பெயரைக் கூப்பிடாமலே, ஓரத்து நிரையை அன்றும் சும்மா விட்டுவைத்தார்.