தாத்தா என்றால் அக்கா

எங்கள் ஆய்வின் தொடக்கத்திலேயே ஒரு பெண்ணை ஆணாக்கிவிட்டோம். அதுவும் இரண்டு விதமாக.

பண்பாடு, அடையாளம், சமூகம் என்று கனத்த மூன்று சொற்களைத் தலைப்பில் சுமந்த ஆய்வு அது. வேலை என்னவோ எளியதுதான். தொண்ணூறில், போருக்கு நடுவே, மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டுப் படகேறி வந்த முஸ்லிம்களும், தலைமுறை தலைமுறையாக இந்தப் புத்தளக் கரையிலேயே கிடக்கும் எங்களைப் போன்றவர்களும் எப்படி ஒருவரோடொருவர் ஒட்டினோம், எங்கே ஒட்டவில்லை என்று வீடுவீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். மூன்று துறையிலிருந்து மூன்று பேர். வரலாறு படித்த யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர். சிலாபத்துப் பக்கம் பிறந்த சிங்களத் தோழி ஒருவர், அவர் சமூகவியல். மொழியியல் என்று சொல்லிக்கொண்டு நான். மூவரில் நான் ஒருத்திதான் புத்தளத்தாள், முஸ்லிம். ஆகவே எந்த வீட்டுக் கதவையும் முதலில் தட்டுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள், மற்ற இருவரும் தாங்களே ஆலங்குடாவுக்குப் போய் ஒரு தையல்காரப் பெண்ணின் பேச்சைப் பதிவு செய்து வந்தார்கள். பாதியை மெஷின் சத்தம் தின்றுவிட்டது. தெளிவாகக் கேட்டது இவ்வளவுதான்: "தாத்தாதான் எனக்கு சோறு தீத்தின. தாத்தாதான் கையப் புடிச்சி பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போன." வரலாற்றுக்காரர் அதைக் கேட்டு, 'பாட்டனாரால் சோறூட்டி வளர்க்கப்பட்டவர்' என்று எழுதினார். சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன்; தோழி 'தந்தையால் வளர்க்கப்பட்டவர்' என்று எழுதினார். ஒருவரையொருவர் திருத்தப் பார்த்து ஒரு மத்தியானம் முழுக்க மல்லுக்கட்டினார்கள். எனக்குக் காய்ச்சல் விட்டு நான் வந்து சிரித்த பிறகுதான் இருவருக்கும் சந்தேகம் வந்தது.

எங்களுக்குத் தாத்தா என்றால் அக்கா. வினைச்சொல்லை வைத்தும் அவர்களால் கண்டுபிடித்திருக்க முடியாது. எங்கள் பேச்சில் உம்மாவும் 'வந்த', வாப்பாவும் 'வந்த'. ஆணா பெண்ணா என்று வினை காட்டிக்கொடுக்காது.

"அப்ப அந்த மனிசிக்கு நான் மீச வெச்சிட்டன்" என்றார் தோழி. முன்னேஸ்வரத்துச் சந்தையில் பொறுக்கிய தமிழ் அவருடையது. எங்கள் மூவரில் பயமில்லாமல் தமிழ் பேசுகிறவர் அவர்தான்.

"சேர் தாடியும் வெச்சிட்டாரு. ரெண்டையும் எடுங்க" என்றேன், வரலாற்றுக்காரரைக் காட்டி.

மீசையையும் தாடியையும் எடுத்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. அந்தத் தாத்தா, தையல்காரப் பெண்ணோடு கூடப் பிறந்தவர் அல்ல.

அதைக் கேட்க நானே ஆலங்குடாவுக்குப் போனேன். பள்ளிக்கூட உடுப்புகள் மலைபோல் குவிந்த அறையில் இருந்துகொண்டு அவர் கதை சொன்னார். மன்னாரிலிருந்து வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது அவருக்குப் பல் விழுந்து முளைக்கிற வயது. உம்மா வயிற்றில் பிள்ளையோடு இருந்தார். கிடுகுக் கொட்டில்களில் எல்லாரையும் போட்டிருந்தார்கள். இவருக்குக் கடும் காய்ச்சல். கொட்டில்களுக்குச் சோறு கொண்டு வந்த ஒரு கற்பிட்டி வீட்டின் மூத்த மகள், அப்போது கலியாணம் ஆகாதவர், காய்ச்சல் விடட்டும் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். காய்ச்சல் விட்டது. பிள்ளை திரும்பிப் போகவில்லை. உம்மாவுக்குக் கைக்குழந்தை, வாப்பாவுக்குத் தொழில் இல்லை, அங்கே ஒரு வாய் குறைந்தால் நல்லது என்று இருந்த காலம். அந்த வீட்டுச் சின்னத் தம்பிமார் எல்லாம் அந்த மூத்த மகளைத் தாத்தா என்றார்கள். இந்தப் பிள்ளையும் தாத்தா என்றது. தனக்குக் கலியாணம் முடியும் வரை அங்கேயே இருந்தது.

எங்கள் ஊரில் கொஞ்சம் மூத்த பெண் யாரைக் கண்டாலும் தாத்தா என்று கூப்பிடுவது வழக்கம். கடைக்காரியும் தாத்தா, மீன் வாங்க வருகிறவளும் தாத்தா. இவர் மட்டும் அப்படியில்லை. "மத்தவங்க எல்லாரும் எனக்கு ராத்தா. தாத்தா ஒராள்தான்" என்றார். ராத்தா என்றாலும் அக்காதான். என்னை 'மிஸ்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பிறகு மெஷினை நிறுத்திவிட்டு, எதற்காக எங்களோடு பேசச் சம்மதித்தார் என்பதைச் சொன்னார்.

"தாத்தா ஒருக்கா சொன்ன, நான் மௌத்தானா நீதான் என்னக் குளிப்பாட்டணும் எண்டு. நான் ஓம் எண்டன். அப்ப பக்கத்தில ஆரும் இருக்கல்ல. இப்ப அவ பக்கவாதத்தில கிடக்கிற. வாய் தெறக்க ஏலா."

எங்களில் ஒரு பெண் மௌத்தானால், அதாவது இறந்தால், அந்த உடலான மையத்தைக் குளிப்பாட்ட நெருங்கிய பெண் சொந்தங்கள் மட்டும்தான் மறைப்புக்குள் போவார்கள். மகள், சகோதரி, மருமகள். தாத்தாவுக்குப் பிறந்தது இரண்டும் ஆண். கூடப் பிறந்ததும் தம்பிமார் மட்டும்.

"என்ன உள்ள எடுப்பாங்களா எண்டு தெரியா மிஸ். அவங்களுக்கு நான் அகதிப் புள்ளதானே. நீங்க புத்தகத்தில எழுதினா, இந்தா பாருங்க எண்டு காட்டலாம்."

எங்கள் புத்தகத்தை நாங்கள் மூவருமே முழுதாக வாசிப்போமா என்பது எனக்குச் சந்தேகம். ஆனாலும் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுதுகிறோம் என்றேன்.

பிறகு தோழியும் நானும் கற்பிட்டிக்குப் போய்த் தாத்தாவின் மூத்த மருமகளைச் சந்தித்தோம். படுக்கையில் கிடக்கும் மாமியைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். வீடு பளிச்சென்று இருந்தது, நோயாளியின் அறையும்தான். வாங்க, இருங்க என்று கதிரை இழுத்துப் போட்டு, பாலூற்றிய தேத்தண்ணீரும் தொதல் இனிப்பும் வைத்தார். தையல்காரப் பெண்ணைப் பற்றிக் கேட்டோம்.

"அவவா? இங்க வேலைக்கு நிண்ட புள்ள. மாமி நல்லாப் பாத்துக்கிட்ட. இப்பவும் வந்து பாத்திட்டுப் போற, பாவம்."

குரலில் வெறுப்பு ஒன்றும் இல்லை. மழை பெய்தது, விட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னார். கையிலெடுத்த தொதலைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன். ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சொல்லக்கூடாது என்பது ஆய்வின் முதல் விதி. பஸ் நுரைச்சோலையைத் தாண்டியது. தோழி ஒரு தரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்னொரு விதியும் உண்டு. எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன் சொன்னவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும். அந்த அத்தியாயத்தைத் தோழி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். கொழும்பில் யாரோ தமிழாக்கி அனுப்பியிருந்தார்கள். இரத்தத்தாலும் கலியாணத்தாலும் வராத சொந்தத்துக்கு அந்தத் துறையில் ஒரு கலைச்சொல் இருக்கிறது. மொழிபெயர்த்தவர் அதைக் 'கற்பனை உறவு' என்று போட்டிருந்தார். ஆலங்குடாவில் அவர் ஒரு சட்டைக்குக் கொலர் வைத்துக்கொண்டிருக்க, நான் வாசித்துக்கொண்டே போனேன். 'இவரது நேர்வில் காணப்படும் கற்பனை உறவு...'

மெஷின் நின்றது.

"கற்பன எண்டா பொய்தானே மிஸ்?"

"பொய் எண்டு இல்ல. ரத்த சொந்தம் இல்லாட்டியும் சொந்தமா நடக்கிறதுக்கு படிச்சவங்க வெச்ச பேரு அது."

"சொந்தமா நடக்கிறது எண்டா ஏன் கற்பன எண்டு போட்ட?"

கையிலிருந்த தாளை மடித்தேன்.

"தாத்தா சோறு தீத்தினது கற்பனையா? இதக் கொண்டு போய்க் காட்டினா அவங்க என்ன சொல்லுவாங்க? புத்தகமே சொல்லுது, நீ கற்பன பண்ணியிருக்கிற எண்டுவாங்க. வேணாம் மிஸ். என்ட கதைய எடுத்திடுங்க."

குரல் உயரவில்லை. கொலரை மட்டும் பிரித்துப் பிரித்துத் திரும்ப வைத்தார். எனக்குக் கோபம் பொங்கியது. மொழிபெயர்த்தவர்மேல், அந்தச் சொல்லின்மேல், ஒரு மனிதியின் ஆயுட்கால உறவுக்குப் பெயர் வைக்கக் கிளம்பிய எங்கள் மூவர்மேலும்.

அடுத்த நாள் பாலாவியில் ஒரு தேத்தண்ணீர்க் கடையில் உட்கார்ந்து மூவரும் சொல் தேடினோம். வரலாற்றுக்காரர் 'ஏற்புறவு' என்றார். தோழி 'சமூக உறவு' என்றார். அது கூட்டுறவுச் சங்கத்தின் பெயர் மாதிரி இருக்கிறது என்று நான் எரிந்து விழுந்தேன். ஊரில் 'முறை' என்று ஒரு சொல் இருக்கிறதே, தாத்தா முறை, மாமி முறை என்கிறோமே, அது இரத்தத்தை விசாரிப்பதில்லையே, அதையே போடுவோம் என்றேன்.

"போடலாம்" என்றார் வரலாற்றுக்காரர். "ஆனால் அந்த மருமகளிட்டக் கேட்டா, முறையும் இல்லை, ஒண்டும் இல்லை எண்டுதான் சொல்லுவா. ரெண்டு பேரிலை ஆருடைய கதை சரியெண்டு நாங்கள் தீர்ப்புச் சொல்ல ஏலாது."

அவர் சொன்னது நியாயம்தான். அதனாலேயே எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. அந்த வரியில் சொல் இருக்க வேண்டிய இடத்தை வெறுமனே விட்டுவிட்டு எழுந்து வந்தோம்.

அந்த இடம் நிரம்புமுன் ஒரு காலை, சுபஹுத் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில், தையல்காரப் பெண்ணிடமிருந்து அழைப்பு வந்தது.

"தாத்தா மௌத்தாகிட்ட மிஸ். பகல் லுஹர் தொழுகைக்கு அடக்கம். நீங்களும் வாறீங்களா? எனக்குத் தனியப் போகப் பயமா இருக்கு."

த்ரீவீலர் ஒன்றைப் பிடித்துப் போய் ஆலங்குடாவில் அவரை ஏற்றிக்கொண்டேன். வழி நெடுக அவர் வாய் ஓதிக்கொண்டிருந்தது. நானோ வழக்கறிஞரைப் போல வாதங்களை அடுக்கிக்கொண்டு போனேன். மருமகள் மறித்தால் இதைச் சொல்ல வேண்டும், தம்பிமாரைக் கூப்பிட்டு அதைக் கேட்க வேண்டும். மையத்து வீட்டில் வெளியாள் ஒருத்தி வாய் திறப்பது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் திறப்பதென்றே முடிவு செய்திருந்தேன்.

முற்றத்தில் ஆண்கள் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். பெண்கள் உள்ளே. வீட்டின் பின்பக்கம் சீலை கட்டி மறைத்து, வாளிகளில் தண்ணீர் நிரப்பி, இலந்தை இலை போட்டு வைத்திருந்தார்கள். ஊரில் மையத்துக் குளிப்பாட்டும் வயதான பெண் ஒருவர் கையை மடித்துவிட்டுக்கொண்டு மறைப்பின் வாயிலில் நின்றார்.

"சொந்தம் மட்டும் உள்ள வாங்க" என்றவர் எங்களைப் பார்த்தார். ஊர்ப் பெண்கள் எல்லாரையும் அவருக்குத் தெரியும். எங்கள் இருவரையும் தெரியாது. தையல்காரப் பெண்ணைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க மையத்துக்கு ஆரு?"

அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் தொண்டையைச் செருமினேன்.

"மாமிட தங்கச்சி" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

மூத்த மருமகள். கண்கள் வீங்கி, கையில் சிரட்டை அகப்பையோடு நின்றார். என்னை அவர் பார்க்கவே இல்லை. சீலையை விலக்கிப் பிடித்துக்கொண்டு, "வாங்க, உங்களுக்காகத்தான் தண்ணி வாக்காம நிக்கிறம்" என்றார். தையல்காரப் பெண் குனிந்து உள்ளே போனார். சீலை மூடியது.

அடுக்கி வைத்த வாதங்களோடு நான் வெளியே நின்றேன். அன்றைக்கு எங்களிடம் அப்படிச் சொன்னவர் இன்றைக்கு ஏன் இப்படிச் சொன்னார் என்று அப்போதும் நான் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. படித்த பெண்கள் வந்து கருவியை முன்னால் வைத்துக் கேட்கும்போது ஒரு வீட்டுக்கு ஒரு பதில் தேவைப்படுகிறது. மையத்தின் முன்னால் வேறு பதில் தேவைப்படுகிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் ஆராய எனக்கு விருப்பமில்லை. அப்படியொரு நிம்மதி. உள்ளே தண்ணீர் விழுகிற சத்தமும் மெதுவாக ஓதுகிற சத்தமும் மாறி மாறிக் கேட்டன.

கபன் துணி சுற்றி முடிந்த பிறகு தையல்காரப் பெண் வெளியே வந்து, குசினிப் படியில் என் பக்கத்தில் அமர்ந்தார். இரண்டு கையும் முழங்கை வரை நனைந்திருந்தன, கற்பூரம் மணத்தது. அழவில்லை. யாரோ கொடுத்த பிளேன்டீயைக் கையில் வாங்கி, குடிக்காமல் வைத்திருந்தார்.

"பொம்புள மையத்துக்குத் தலமயிர மூணாப் பின்னி விடணுமாம்" என்றார். "மருமக சீப்ப என்ட கையில தந்திட்ட, நீங்க பின்னுங்க எண்டு."

கையிலிருந்த கோப்பையைப் படியில் வைத்தார்.

"சின்னதில பள்ளிக்கூடம் போகக்குள்ள தாத்தாதான் எனக்கு எண்ண வெச்சி இறுக்கி இறுக்கிப் பின்னி விடுற. நோகுது நோகுது எண்டு நான் கத்துவன். அவக்கு நான் ஒரு நாளும் பின்னி விட்டதில்ல மிஸ். இண்டைக்குத்தான்."

தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நோகாமப் பின்னினன்" என்றார்.