மேட்டுக்குப் போன தண்ணீர்க் குடம்

நெய்வேலிச் சுரங்கத்தில் மண் சுமந்து ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் களிமண்ணை வாரும் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு மேஸ்திரி சடையப்பன். அவனை பர்மனெண்ட் ஆக்கச் சொல்லி என்ஜினீயர் கருணாகரன் மேலிடத்துக்கு எழுதினால் போதும், குவார்ட்டர்ஸ் கிடைக்கும்; பெண்டாட்டி பிள்ளைகளைக் காடாம்புலியூரிலிருந்து அழைத்துக்கொள்ளலாம். ஆனால் மண் குவிந்துகொண்டே போயிற்று. "சோம்பேறிக் கும்பல் சார்! தண்ணி குடிக்கப் போனா திரும்பி வர்றதே இல்ல" என்று அவரிடம் புலம்புவான்.

அதற்கு அந்த மகராசன் கண்டுபிடித்த வைத்தியம் என்ன தெரியுமா? பெல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குடத்தைக் கொண்டுபோய் மேட்டின் மேலே வைத்துவிட்டான். சித்திரை வெயிலில் வெறுங்காலோடு அந்த மேட்டை ஏற யாருக்குத் தெம்பு? பாவம், நாக்கு வறண்டு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். வேலை இன்னும் படுத்துவிட்டது. இவன் இன்னும் கத்தினான். இந்தக் குயுக்தியை அவன் கற்றதே முந்திரித் தோப்பில்தான். கூலிக்குப் போன காலத்தில் காரியஸ்தர் இவனுக்குச் செய்ததும் இதேதான். வயிறெரிந்து அந்த ஆளைத் திட்டியவன்தான் இவனும். வெட்கக்கேடு!

ஒரு வாரம் சடையப்பன் காய்ச்சலில் கிடந்தான். ஆட்களில் மூத்தவளான சாமியம்மாள் முதல் நாளே குடத்தைக் கீழே இறக்கினாள். சாக்குகளைக் கட்டி நிழல் போட்டார்கள்; முறை வைத்து உட்கார்ந்து இளைப்பாறி எழுந்தார்கள். அவன் திரும்பி வந்தபோது பெல்ட்டுக்கு அடியில் சுத்தமாகத் தரை தெரிந்தது. தான் இல்லாமலே இப்படியா என்று குனிந்து பார்த்தான்.

அந்த நேரம் பார்த்துக் கருணாகரன் வந்து நின்றார்.

"அடேங்கப்பா! குடத்தப் பக்கத்துல வெச்சு, நெழலும் போட்டு, ஆளுங்க என்னமா வேலை செய்யறாங்க! யார் யோசனைய்யா இது?"

"நான்தான் சார் சொல்லிட்டுப் போனேன்." நாக்கு முந்திக்கொண்டது.

சொன்ன பிறகுதான் சாமியம்மாள் பக்கத்திலேயே நிற்பதைப் பார்த்தான். போச்சு, மானம் போச்சு என்று நினைத்தான்.

"ஆமாங்க," என்றாள் சாமியம்மாள். "மேஸ்திரிதாங்க சொல்லிட்டுப் போனாரு."

"இந்த வாரமே உனக்காக எழுதிடறேன்" என்று அவன் முதுகில் தட்டிவிட்டு என்ஜினீயர் போய்விட்டார்.

சடையப்பனால் தலை நிமிர முடியவில்லை. பர்மனெண்ட் ஆகப்போகிற சந்தோஷம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"எனக்காக ஏம்மா பொய் சொன்ன?"

"ஒங்களுக்காவ யாருங்க சொன்னா?" சாமியம்மாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள். "நீங்க வெச்ச கொடம்னு அவரு நம்பிகினு போறாரு. இனிமே அத ஒங்களால மேட்டுல ஏத்த முடியாது இல்லீங்க? அதுக்குத்தான்."