பதினெட்டு மீன் ரின்னும் ஒரு பால்மாப் பெட்டியும்

சுற்றிவரக் கடல் உள்ள மன்னார்த் தீவில் இருந்துகொண்டு தகரத்தில் அடைத்த மீன் பதினெட்டு ரின் வாங்கிய மனிதன் நான். கொரோனா ஊரடங்கைக் காலையில் தளர்த்தி, மத்தியானம் இரண்டு மணிக்குத் திரும்பப் போடுகிற ஒரு நாள். கொழும்புக்கு லொறி ஓடாததால் கரையில் பாரை மீன் விலைப்படாமல் கிடந்தது. அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் கடையில் எனக்கு முன்னால் நின்றவர் ஆறு ரின் எடுத்தார். எனக்குத் தெரியாத ஏதோ அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று நான் பன்னிரண்டு எடுத்தேன். பக்கத்தில் நின்றவர் என் பையைப் பார்த்த பார்வையில் இன்னும் ஆறு.

அதோடு நின்றிருக்கலாம். கடைத் தட்டில் கைக்குழந்தைப் பால்மாப் பெட்டி ஒன்று தனியாக இருந்தது. என் இளைய மகன் சவரம் செய்யத் தொடங்கி மூன்று வருசம். என்றாலும் கடைசிப் பெட்டி என்றதும் கை போய்விட்டது. பால் பால்தானே, தேத்தண்ணிக்கு ஆகும் என்று புத்தி பிறகு வந்து கைக்குச் சாட்சி சொன்னது.

அப்போது பின்னால் ஒரு குரல்.

"அண்ணை, கைக்குழந்தைக்குப் பால்மா வேற இருக்கோ? தாய்க்குப் பால் காணாது. வீட்டில ஒரு கரண்டியும் இல்லை."

"கடைசிப் பெட்டி இப்பத்தான் போச்சுது தம்பி," என்றார் கடைக்காரர்.

தெரிந்த குரல். எங்கள் ஒழுங்கை வீடுகளுக்குச் சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவர். நான் திரும்பவில்லை. மாஸ்க் போட்ட முகம் அன்றைக்குத்தான் எனக்கு வசதியாக இருந்தது.

வீட்டில் மனைவி பெட்டியைத் தூக்கிப் பார்த்தா.

"இஞ்சருங்கோ, இது ஆருக்கு?"

"தேத்தண்ணிக்கு."

"ஆறு மாசத்துக்குட்பட்ட பிள்ளைக்கெண்டு போட்டிருக்கு. உங்களுக்கு ஐம்பத்திரண்டு."

கடையில் பின்னால் கேட்ட குரலைப் பற்றியும் சொன்னேன். அவ ஏசவில்லை, மணிக்கூட்டைப் பார்த்தா. ஒன்று இருபது.

"சைக்கிளை எடுங்கோ."

கடற்கரை றோட்டில் எதிர்க்காற்று. காவலரணில் நின்ற ஆமிக்காரன் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். பெட்டியைத் தூக்கிக் காட்டினேன், விட்டான். தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள மீன்காரரின் வீட்டை நான் தேடவே வேண்டியிருக்கவில்லை. பிள்ளை கத்திய கத்தல் வழி காட்டியது. அழுகிற பிள்ளைக்கு ஆபத்தில்லை என்பார்கள். இடையிடையே அது அழ மாட்டாமல் நின்றபோதுதான் பெடலை இன்னும் இறுக்கி மிதித்தேன்.

"கடையில ஒரு பெட்டி கிடைச்சது," என்றேன். அவர் பெட்டியையும் என்னையும் பார்த்துவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். அழுகை அடங்கும்வரை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு மணி அறிவிப்போடு பொலிஸ் ஜீப் எனக்குப் பின்னால் வர, வீடு வந்து சேர்ந்தேன்.

இரண்டு கிழமை கழித்து அவர் மீனோடு எங்கள் வேலிப் படலைக்கு வந்தார். பிள்ளை சுகமாம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மன்னிப்புக்கு ஆயத்தமானேன்.

"பால்மாவை விடுங்கோ சேர்," என்றார் மீனை நிறுத்துக்கொண்டே. "உங்களுக்குப் பின்னாலதான் நிண்டனான், எல்லாம் கண்டனான். என்ர மீன் கரையில நாறிக் கிடக்க, பதினெட்டு மீன் ரின் வாங்கினீங்கள் பாருங்கோ, அதைத்தான் வீட்டில என்ர மனிசியிட்டச் சொல்ல எனக்கு வெக்கமாக் கிடந்தது."